கொடுவாவுக்குப் பிடிக்காத வாசனை

என் அன்பு மச்சி செல்விக்கு,

பந்தயம் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று இப்போதே சொல்ல மாட்டேன். நான் படித்த கதை எதையாவது உனக்குச் சொல்ல ஆரம்பித்தால், நாய்க்குச் சோப்புப் போட்டபடியே, "கத வேணாம் மச்சி, கடைசில இன்னா ஆச்சி, அத்த சொல்லு" என்பாய். இந்த ஒரு முறை முழுதாகக் கேள்.

நான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறவள் இல்லை. உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பந்தயத்தை நீ அடையாற்று முகத்துவாரத்தில் நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்திப் போட்டாய். முடிவை மட்டும் உன் காதோடு ரகசியமாகச் சொன்னால் நியாயமாக இருக்காது. அதனால் இதைப் படிக்கிறவர்களுக்காக நடுநடுவே உனக்குத் தெரிந்ததையும் சொல்லிக்கொண்டு போவேன். கொட்டாவி விடாதே.

செல்வி பெசன்ட் நகரில், நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை பார்த்தவள். மனிதர்களை அவளுக்கு நாயின் பெயரால்தான் தெரியும். என் வெள்ளை ஸ்பிட்ஸின் பெயர் சோன்பப்டி. ஆகவே இரண்டு மாதம் நான் 'சோன்பப்டி அம்மா'. மூன்றாவது மாதம் மச்சி. இடையில் என் பெயரை நீ ஒருமுறையாவது கேட்டாயா மச்சி? எனக்கு நினைவில்லை.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது அந்த லாப்ரடார்க்காரர்தான். வெளிநாட்டுக்குக் குடிபோகும் முன் நாயைக் கடைசியாகக் குளிப்பாட்டக் கொண்டுவந்தவர், உன் கையில் ஒரு நீளப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு தூண்டில் கோல், கயிறு போலத் தடித்த மஞ்சள் நரம்பு, ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் இறகும் முடியும் கட்டிய முட்கள், மூக்குத்திகளைப் போல வரிசையாக. இரையே இல்லாமல் மீன் பிடிப்பதற்கான போலிப் பூச்சிகள் அவை என்று நான் எங்கோ படித்ததை வைத்துச் சொன்னேன். நீ அதற்குள் ஒன்றை எடுத்து விரலால் நெருடிக்கொண்டிருந்தாய்.

"இது ஆட்டு வால் முடி மச்சி. இது சேவலு கய்த்து றெக்க. இது இன்னா தெர்யுமா? நாயி. சத்தியமா நாயி."

அன்றிலிருந்து கடையில் கூட்டிக் குப்பையில் போட்டதெல்லாம் உனக்குச் சரக்காகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடியதும் நாம் உட்காருவோம். முள்ளைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ். முள்ளின் மேல் நெருக்கமாக நூல் சுற்றுவது என் வேலை. அதன் மேல் ஆட்டு வால் முடியை நீளமாக வைத்துக் கட்டினால் அது மீன்குஞ்சின் வால். சோன்பப்டியின் அடிமுடியை நூலில் திரித்துச் சுற்றினால் வெள்ளை வயிறு. முதுகுக்கு மயிலிறகின் பச்சை இழை இரண்டு. பக்கவாட்டில் நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. முதலில் பிராய்லர் இறகு வைத்தோமே, தண்ணீரில் போட்டதும் நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது! தலையில் உன் ரோஸ் நிற நெயில் பாலிஷ், நூல் அவிழாமல் இருக்க.

கண்ணுக்குப் பாசிமணி வாங்க தி. நகர் போனதை நான் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறேன். "எந்த மாதிரி ப்ளவுஸுக்கும்மா?" என்று கடைப்பெண் கேட்டாள். நீ முகம் மாறாமல், "மீனு ப்ளவுஸுக்கு" என்றாய். அவள் உடனே மீன் டிசைன் ஜாக்கெட் பட்டன் எடுத்துக் காட்டினாள்.

அம்மாவையும் சொல்ல வேண்டும். முடியிலும் இறகிலும் பூச்சி முட்டை இருந்தால் சாக, சில நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று படித்துவிட்டு, நான் ஆட்டு வாலைப் பையில் சுற்றிப் பச்சைப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"சனிக்கிழமையும் அதுவுமா ஃப்ரிட்ஜ்ல என்னடி இது வாலு?"

"ஆட்டு வால்மா. சமைக்க இல்ல. மீனுக்கு."

"மீனுக்கா? எந்த மீன்டி ஆடு சாப்பிடுது?" என்று கேட்டுவிட்டு அம்மா பட்டாணியை மட்டும் வெளியே எடுத்தாள்.

இனி நைனா. செல்வி தன் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். முகத்துவாரத்துக் கரையோரக் குடிசையில் வாழ்ந்து, வீடு போய், பெரும்பாக்கத்தில் அரசு அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடிக்கு மாற்றப்பட்டவர். இருந்தாலும் விடியுமுன் பஸ் பிடித்துக் கரைக்கு வந்து படகேறுவார். நான் முதல் நாள் "அங்கிள்" என்று கூப்பிட்டபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் எனக்கும் அவர் நைனாதான். படிக்கிறவர்களுக்கு அவருடைய மீசையை எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் மேலே முறுக்கி, நுனியில் ஒரு சுழி. அதை நீ "எங்கூட்டு மூத்த புள்ள" என்பாய். உன் கடையிலிருந்து கொண்டுபோன பூடில் சீப்பால் தினமும் அதை வாருவார்.

நீ வேலைக்கு வசதியாகத் திருவான்மியூரில் நாலு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் முகத்துவாரத்தில் இருக்கிற உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் நைனாவைப் பார்க்கப் போவாய். நாம் முதல் பூச்சியைக் கட்டி முடித்த மறுவாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நைனா அதைக் கையில் வாங்கி, மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்து, மீசை குலுங்கச் சிரித்தார்.

"எறா இல்ல, மத்தி இல்ல, நாய் முடிய வெச்சி கொடுவா மீனு புடிப்பியா நீ?"

"புடிச்சா?"

"புடிச்சா மீசய எடுத்துடறேன்."

"எல்லாம் கேட்டுக்கோங்கப்பா! எங்க நைனா மீசய எடுக்கறாராம்! நான் கட்ன பூச்சில கொடுவா மாட்னா மீச காலி! அன்னிக்கு பட்னப்பாக்கம் வரைக்கும் கேக்கற மாரி கத்துவேன், 'செல்வி செயிச்சிட்டா'ன்னு!"

ஒரு வருஷத்துக்கு மேல் வாராவாரம் போனோம். நீ வீசினாய். நான் பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன், யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று கவலைப்பட்டபடி. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் நேரத்தில் பூச்சியின் பின்னால் தண்ணீர் சுழிக்கும். கொடுவா வந்துவிட்டது என்று அர்த்தம். "வர்து மச்சி, வர்து!" என்று கத்துவாய். கிட்டே வரும். திரும்பிவிடும்.

கண் பெரிதோ என்று கண்ணை மாற்றினோம். முள்ளை மாற்றினோம். நான் பழைய ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து, வெளிச்சம், நிழல், மீனின் கண்ணுக்குச் சிவப்பு எப்படித் தெரியும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். நைனா சற்றுத் தள்ளி உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டு பார்ப்பார். "இன்னா தப்பு நைனா?" என்று நீ ஒவ்வொரு வாரமும் கேட்பாய். "யாருக்குத் தெர்யும்? கொடுவாவத்தான் கேக்கணும்" என்பார்.

போன மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. நாலே நாள். அதைப் பற்றி மேலே எழுதப் போவதில்லை. எழுதினாலும் "அத்த வுடு மச்சி" என்பாய்.

கடைச் செய்தி சொல்கிறேன். உன் இடத்தில் புதுப்பெண் வந்திருக்கிறாள். சோன்பப்டி அவளைக் கடிக்கவில்லை. இது உனக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் நகம் வெட்டும்போது மட்டும் உன்னிடம் ஊளையிட்ட அதே ராகத்தில் ஊளையிடுகிறது. உன் கத்தரிக்கோலை அவள் தொடுவதில்லை. நான் கேட்கவில்லை, அவளாகவே வேறு வாங்கிக்கொண்டாள்.

நைனா பல மாதம் கடலுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பதிப்பகத்தில் வேலை பார்க்கிற என்னைப் போன்ற ஆளுக்குத் துக்கம் விசாரிப்பதைவிட முந்நூறு பக்கம் மெய்ப்புத் திருத்துவது சுலபம். சித்திரை வெயிலில் ஒரு நாள் அவரே ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் லாப்ரடார்க்காரரின் தகரப் பெட்டி.

அம்மா மோர் கொடுத்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மீசையில் ஒட்டிய கறிவேப்பிலையை எடுத்து டம்ளருக்குள் போட்டார்.

"இத்தத் தொற பாப்பா."

திறந்தேன். நீ வந்தாய்.

படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டும். கடையில் நாயைக் குளிப்பாட்டி, கண்டிஷனர் தடவி, உலர்த்தி, கடைசியில் லாவெண்டர் தண்ணீரும் தெளித்த பிறகுதான் நீ முடி வெட்டுவாய். சுத்தமான முடிதான் வெட்ட வரும் என்பாய். அந்த வாசனை உன் கையில், சுடிதாரில், பின்னலில், நீ கொடுக்கிற மிச்ச முறுக்கில்கூட இருக்கும். இப்போது அது நீ கட்டி வைத்துவிட்டுப் போன பதினோரு பூச்சிகளிலிருந்து எழுந்து எங்கள் ஹாலில் நின்றது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் நைனா. "உங்கம்மா எதிர்ல சொல்ல மாட்டேன்."

"நான் உள்ள போறேன்" என்று அம்மா எழுந்து போய், திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கால் தெரிந்தது.

"இந்த வாசனயாலதான் மீனு புடிக்கல. மொத நாளே எனக்குத் தெர்யும்."

"மொத நாளேவா?"

"பின்ன? நாப்பது வருஷமா மீனாண்ட பொழங்கறேன். கைல பீடி வாசன இருந்தாலே கொடுவா திரும்பிக்கும். இதுல சோப்பு மணக்குது, பூவு மணக்குது. கிட்ட வந்து மோந்துட்டு, இன்னாடா இது கல்யாண ஊட்டு சமாச்சாரம்னு அது பாட்டுக்குப் போய்க்கினே கீது."

மச்சி, நாம் கண்ணை மாற்றினோம், முள்ளை மாற்றினோம், நான் ஆங்கிலேயர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். எந்த ஆங்கிலேயரும் நாய் ஷாம்பு பற்றி எழுதவில்லை. நாய் குளிப்பாட்டுகிற ஒருத்தியும் புத்தகத்தை நம்புகிற ஒருத்தியும் சேர்ந்தால் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது.

"ஏன் நைனா சொல்லல?"

அவர் மீசையைத் தொட்டுக் காட்டினார். திரைக்குப் பின்னால் அம்மா சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். ஆனால் உடனே எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷம் நீ தொண்டை கிழியக் கத்தியதும், ஒவ்வொரு மீனும் திரும்பும்போது உன் தோள் கொஞ்சம் இறங்கியதும் எனக்குத் தெரியும். ஒரு மீசைக்காகவா? இரண்டாவது டம்ளர் மோரைச் சற்றுச் சத்தமாகவே மேஜையில் வைத்தேன்.

"பந்தயத்த முடிச்சிடலாம் பாப்பா" என்றார். "அத்தத்தான் கேக்க வந்தேன். பாதியில நிக்குது."

"சரி. சோன்பப்டிய பத்து நாள் குளிப்பாட்டாம வெச்சு, புது முடி எடுத்துக் கட்டறேன்."

"நீ கட்னா உன் பூச்சி. பந்தயம் அவ பூச்சிக்கு."

அப்படியானால் இந்தப் பதினொன்றில் ஒன்றைக் கழுவ வேண்டும். கழுவினால் எது போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது என்று நினைக்கிறேன். அவர் சட்டென்று, "மூடு பாப்பா, மூடு. வாசன போய்டும்" என்றார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மறுத்துவிட்டார். "என்னாண்ட இருந்தா டெய்லி தொறந்துடுவேன். தீந்துடும். நீ வெய்யி."

வீசுவது யார் என்ற கேள்வி இருந்தது. நைனாவுக்கு வலை வீசத் தெரியும். இந்தக் கோலை அவரால் வீச முடியாது என்பதை அடுத்த ஞாயிறே பார்த்தேன். ஒரே வீச்சில் மஞ்சள் நரம்பு அவர் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, லுங்கியையும் ஒரு சுற்றுச் சுற்றியது. பாலத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, பட்டம் வுட்றியா?"

"உன் வேலயப் பாருடா! பாப்பா, இத்த அவுரு."

ஆகவே நான். எட்டுப் பேர் இருக்கும் அறையில் எழுந்து தண்ணீர் குடிக்கக் கூச்சப்படுகிற நான். மொட்டை மாடியில் ஒரு மாதம் பழகினேன். கொடியில் காய்ந்த அம்மாவின் புடவையைத்தான் முதலில் பிடித்தேன், பிறகு பூந்தொட்டி, பிறகு என் சொந்தக் காது. நீ எப்படி வீசுவாய் என்று கண்ணை மூடி யோசித்தேன். பின்னால் போன நரம்பு முழுதாக நீளும்வரை காத்திருந்து, அப்புறம்தான் முன்னால் தள்ளுவாய். வாயைத் திறந்தால் நிறுத்தாத நீ அந்த ஒரு நொடி மட்டும் பேசாமல் இருப்பாய். அந்த நொடியைக் கண்டுபிடித்த பிறகு எனக்கும் வந்தது.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறத் தொடங்கும் நேரம். கடல் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. முன்னாலேயே அங்கே ஏழெட்டுப் பேர். நான் பெட்டியைத் திறந்தேன், நைனாவும் நானும் அதிகம் மூச்சு இழுக்காமல் அவசரமாகத் தேர்ந்தெடுத்தோம். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் அமைந்து, நீ 'ஒன்றர' என்று பெயர் வைத்த பூச்சி. "அதுக்குத்தான் லக்கு கீது" என்று நீ சொன்னது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

நைனா குனிந்து கரையோரச் சேற்றை ஒரு கை அள்ளினார். சோப்பு வாசனையைச் சேறுதான் எடுக்கும் என்றார். இடது கையில் சேறு, வலது கையில் ஒன்றர. அப்படியே நின்றார்.

"மீசக்காவ இல்ல பாப்பா" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கு உங்கூட்ல பொய் சொன்னேன்."

நான் கோலைக் கீழே வைத்தேன்.

"அவ ரூம் எடுத்துக்கினு போய்ட்டா. வாரத்துல ஒரு நாளுதான் வருவா. வந்தா, 'இன்னா தப்பு நைனா, இன்னா தப்பு'ன்னு கேட்டுக்கினே பக்கத்துல குந்துவா. மீனு புடிச்சிட்டான்னா அப்பறம் எதுக்கு வரப் போறா? அதான் சொல்லல."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மீன் பிடித்தாலும் நீ வந்திருப்பாய் என்று சொன்னேன். அது உண்மைதானே மச்சி? நீ அங்கே போனது கொடுவாவுக்காகவா, நைனாவுக்காகவா? அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, எனக்காக ஆட்டினாரா, தெரியாது.

ஒன்றரையை ஒரு தடவை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். பிறகு அவர் அதைச் சேற்றுக்குள் வைத்துத் தேய்த்தார், உப்புத் தண்ணீரில் அலசினார், மறுபடி தேய்த்தார். உன் லாவெண்டர் போய் அடையாற்று வாசனை வந்தது. அது எப்படிப்பட்டது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதுவும் உன் வாசனைதான் மச்சி. பெரும்பாக்கத்துக்குப் போகும்வரை நீ வளர்ந்தது அந்தச் சேற்றில்தானே.

முதல் வீச்சு என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. பாலத்தடி ஆள் மெதுவாகக் கைதட்டினார். இரண்டாவது பரவாயில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ, பின்னால் போன நரம்பு முழுதாக நீளும்வரை காத்திருந்தேன். ஒன்றர போய் நீர் சுழிக்கும் இடத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. இழுத்தேன், நிறுத்தினேன், இழுத்தேன். பின்னால் தண்ணீர் சுழித்தது.

"வர்து" என்றார் நைனா, மிக மெதுவாக.

கிட்டே வந்தது. இதுவரை ஒவ்வொன்றும் திரும்பிய அதே தூரம். பிறகு யாரோ கதவை அடித்துச் சாத்தியது மாதிரி ஒரு சத்தம், கோல் வளைந்து என் வயிற்றில் இடித்தது.

"வுடாத! வுடாத பாப்பா! கோல நிமித்து! ஐயோ, ஓடுதே, ஓட வுடு, ஓட வுடு!"

"விடவா, விடாதவா நைனா?"

"ரெண்டும்தான்!"

கரைக்கு இழுத்தபோது அது இரண்டு சாண்கூட இல்லை. ஆனால் கொடுவா. வெள்ளியாக மின்னியது, வாயோரத்தில் ஒன்றர, பெரிய கண்ணால் எங்களைப் பார்த்தபடி. நான் கரையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நைனா இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இது குஞ்சு. கணக்குல வராது."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் சண்டைக்கு வந்தார்கள். "இன்னா நைனா, வார்த்த மாறுற! கொடுவான்னுதான சொன்ன, சைஸு சொன்னியா?" பாலத்தடி ஆள்தான் அதிகம் கத்தினார். "செல்வி சொல்லச் சொல்ல நான் இங்கியே நின்னு கேட்டேன். மீச காலின்னா காலி!"

நைனா மீனின் வாயிலிருந்து முள்ளை எடுத்தார், யாரும் அவ்வளவு பதமாக எடுத்து நான் பார்த்ததில்லை. "பெர்சா வளந்து வா" என்று சொல்லி அதைத் தண்ணீரில் விட்டார். ஒன்றரையைச் சட்டையில் துடைத்து, ஒரு தக்கைத் துண்டில் குத்தி, பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கினார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

நீ இருந்திருந்தால் கத்தியிருப்பாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் மச்சி. குரல் வரவில்லை.

மறுநாள் சலூனுக்கு அவர்கூடப் போயிருந்தேன். சலூன்காரர் இரண்டு தடவை கேட்டார், "நெஜமாவா நைனா? ஓரமா ட்ரிம் பண்ணட்டுமா?" "எடுடா, பொண்ணு செயிச்சிட்டா" என்றார். மீசை போன பிறகு அவர் முகத்தில் உன் மேலுதடு இருந்தது. அதே வளைவு, சிரிப்புக்கு முன்னால் ஒரு பக்கம் தூக்குகிற அதே இடம். இத்தனை வருஷம் அது அந்த மீசைக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது. உனக்கே அது தெரியுமா?

வெட்டிய முடியைப் பேப்பரில் மடித்து என் கையில் வைத்தார்.

"இத்தயும் கட்டு பாப்பா. சோப்புப் போடாத."

போன ஞாயிறு மதியம் கடையில் உட்கார்ந்து கட்டினேன். புதுப்பெண் பக்கத்தில் நின்று, "யார் முடிக்கா இது, டெரியரா?" என்று கேட்டாள். இல்லை, எங்கள் நைனா என்றேன். நல்ல கெட்டியான முடி மச்சி. நரையும் கறுப்புமாக, மத்தி முதுகு மாதிரியே இருக்கிறது. வயிற்றுக்குக் குளிக்காத சோன்பப்டி. தலைக்கு உன் ரோஸ் நெயில் பாலிஷின் கடைசிச் சொட்டு. அதை உலரவிட்டு, ஐந்து நாளாக வெயிலிலும் காற்றிலும் போட்டிருக்கிறேன், மணமெல்லாம் போகட்டும் என்று. அப்புறம் புதுப்பெண்ணுக்கு நூல் சுற்றக் காட்டிக் கொடுத்தேன். மோசமாகச் சுற்றுகிறாள். உன்னைப் போலவே.

நைனா மறுபடி படகில் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் பாலத்தடியில். "இன்னா தப்பு நைனா?" என்று நான்தான் இப்போது கேட்கிறேன். அவர் இப்போது உடனே சொல்லிவிடுகிறார். பாதி நேரம் நான் கேட்கும் முன்பே.

மிச்சம் பத்துப் பூச்சிகள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைத் தண்ணீரில் போட மாட்டோம். உன் பிறந்தநாளுக்கு ஒருமுறை நைனாவும் நானும் திறப்போம், ஆளுக்கு ஒரு மூச்சு, உடனே மூடிவிடுவோம். அம்மாவும் ஒரு மூச்சு கேட்டிருக்கிறாள். கொடுக்கலாமா?

இப்போது என் வாக்கு. நாளை மறுநாள் ஞாயிறு. மீசைப் பூச்சியை நான்தான் வீசப் போகிறேன். மீன் வந்தாலும் வராவிட்டாலும், சுற்றி எத்தனை பேர் நின்றாலும், அன்றைக்கு வராத குரலை வரவழைத்து, பட்டினப்பாக்கம்வரை இல்லாவிட்டாலும் பாலத்தின் அந்த முனைவரையாவது கேட்கும்படி கத்துவேன். என்ன கத்துவேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே எழுதியும் பார்த்துக்கொள்கிறேன், பழக்கத்துக்காக:

செல்வி செயிச்சிட்டா!

இப்படிக்கு,
பெயரைக் கேட்காமலே நீ சேர்த்துக்கொண்ட உன் மச்சி,
சோன்பப்டி அம்மா